முட்டி வலியோட கேப்பிடல் ரீஃப் போலாமா?

மன்னார்குடிலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. ஜூலைல பையன் வீட்டுக்கு அமெரிக்கால யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டி போறாங்களாம், அங்கேர்ந்து கேப்பிடல் ரீஃப் நேஷனல் பார்க் கூட்டிட்டுப் போறேங்கிறானாம், வீட்டுக்காரருக்கு முட்டி வலி, செவப்புப் பாறைல செதுக்கின படமெல்லாம் அவரால பாக்க முடியுமா, இல்ல வெயில்ல வெறும் அலைச்சல்தானான்னு.

தாராளமா போங்கக்கா. கார்ல மூணரை, நாலு மணி நேரம் ஆகும். ஹைவே 24 பார்க்குக்கு உள்ளயே போகுது, பார்க்குக்குள்ள இருக்கற ஃப்ரூட்டாங்கற பழைய கிராமத்தைத் தாண்டினதும் ரோட்டோரத்துலயே பார்க்கிங், அதை ஒட்டியே பலகை போட்ட நடைபாதை, ஏறி இறங்கற வேலையே இல்ல, டிக்கெட்டும் கிடையாது (கட்டணமெல்லாம் சீனிக் டிரைவ்ங்கற பார்க்கோட உள் ரோட்டுல போனாதான்). செதுக்கினவங்க ஃப்ரீமான்ட் மக்கள், கிபி 300லேர்ந்து 1300 வரைக்கும் அந்தப் பக்கம் இருந்தவங்க, அதாவது தஞ்சாவூர்ல பெரிய கோயில் எழும்புன காலத்துலயும் அங்க இருந்திருக்காங்க. பாறை மேல கருப்பா படிஞ்சிருக்கற தோலைக் கொத்தி எடுத்து உள்ள இருக்கற வெளிர் நிறத்தைக் காட்டியிருப்பாங்க, தோள் அகலமா இடுப்பு குறுகலா மனுஷ உருவம், தலைல கொம்பு மாதிரி, பக்கத்துலயே வளைஞ்ச கொம்போட காட்டு ஆடு. எட்டதான் இருக்கும், பைனாகுலர் இல்லாம போகாதீங்க. எங்கயாவது கைக்கெட்டுற மாதிரி இருந்தாலும் தொடவேணாம், கை எண்ணெய் பட்டாலே பாறை கெட்டுப்போகும்.

ஜூலைனு சொன்னதாலதான் இது: வெயிலை விட தண்ணிக்குதான் நான் பயப்படுவேன். நமக்கு மேட்டூர் தொறந்தா கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகும், பேப்பர்ல பாத்துட்டு ஆத்தங்கரைல போய் நிக்கலாம். அங்க தலைக்கு மேல வானம் பளிச்சுனு இருக்கும், எங்கயோ தூரத்துல பெஞ்ச மழை, வழுக்குப் பாறைல உறியறதுக்கு மண்ணே இல்லாததால அப்படியே சேந்து குறுகலான பாறை இடுக்குக்குள்ள சேறும் கல்லுமா பாஞ்சு வந்துடும். கேப்பிடல் கார்ஜ்ல இன்னும் கொஞ்சம் செதுக்கல் இருக்கு, கிராண்ட் வாஷும் அழகுதான், ஆனா ரெண்டுமே அந்த மாதிரி இடுக்கு. காலைல விசிட்டர் சென்டர்ல வெள்ள எச்சரிக்கை இருக்கானு கேளுங்க, இருந்தா பையன் எவ்வளவு ஆசைப்பட்டாலும் உள்ள போகாதீங்க.

தண்ணி நெறைய எடுத்துக்கோங்க, போன் சிக்னலை நம்பாதீங்க. ஃப்ரூட்டால பழத்தோட்டம் இருக்கு, ஜூலை ஆரம்பத்துல போனா ஆப்ரிகாட் கிடைக்கலாம், பறிக்கலாம்னு போர்டு வெச்ச தோட்டத்துல அங்கயே பறிச்சு சாப்பிட்டா காசு இல்ல, வீட்டுக்கு எடுத்துட்டு வந்தாதான் எடை போட்டு காசு. அங்கயே கிஃபோர்ட் ஹவுஸ்ங்கற பழைய வீட்டுல விக்கற, பழம் வெச்சு சுட்ட பை (pie) சீக்கிரம் தீந்துடும், காலைலயே வாங்கிடுங்க, சுகர் இருந்தா ஆளுக்குப் பாதி.