எல்லாம் புரியுதுப்பா

வணக்கம்.

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி விட்டு வந்ததும் யூடியூபில் அறிவியல் வீடியோக்கள்தான். அதிலும் வெரிடாசியம் சேனல் என்றால் சாப்பாடு கூட வேண்டாம். நடுவில் கேட்டால் "எல்லாம் புரியுதுப்பா" என்கிறான். காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் எழுபதுக்கு இருபத்தெட்டு. செல்போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். "கெட்டதையா பார்க்கிறான்?" என்று அவன் அம்மா என்னோடு பேசுவதில்லை. நீங்கள் ஒருமுறை அந்த சேனலைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அந்த மனிதர் யார்? முறையாக இயற்பியல் படித்தவரா? பார்ப்பதால் ஏதாவது பயன் உண்டா?

கே.எம்., கோவில்பட்டி

அன்புள்ள கே.எம்.,

உங்கள் மகனுக்கு இருக்கும் இதே சிக்கலை ஆராய்ந்துதான் அந்த மனிதர் டாக்டர் பட்டமே வாங்கினார்.

வெரிடாசியத்தைத் தொடங்கிய டெரெக் முல்லர் 1982இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டிராரல்கன் என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் தென்னாப்பிரிக்கர்கள். அவருக்கு ஒன்றரை வயதாகும்போது குடும்பம் கனடாவின் வான்கூவருக்குக் குடிபோய்விட்டது. 2004இல் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியல் முடித்தார். ஆசை என்னவோ சினிமா எடுப்பதில். அந்த ஆசையோடு சிட்னிக்குப் போனவர், கடைசியில் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்க வீடியோவை எப்படி அமைக்க வேண்டும் என்று ஆராய்ந்து 2008இல் பட்டம் வாங்கினார். சினிமா ஆசையோடு இன்ஜினியரிங் முடித்த பையன்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர். இவர் இரண்டையும் ஒரே ஆய்வேட்டில் முடிச்சுப் போட்டுவிட்டார்.

அந்த ஆய்வில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது. நியூட்டனின் விதிகளைப் பற்றி மாணவர்களிடம் முதலில் ஒரு தேர்வு. சராசரி 26க்கு 6. பிறகு ஒரு வீடியோ. பிழையே இல்லாத, தெளிவான, படங்களோடு கூடிய விளக்கம். பார்த்தவர்கள் "நல்லா இருந்தது, சுலபமா புரிந்தது" என்றார்கள். மறுபடி தேர்வு வைத்தால் சராசரி 6.3. புரிந்தது என்று சொன்னவர்களுக்கு ஒரு மார்க் கூட ஏறவில்லை! அதைவிடக் கொடுமை, தாங்கள் ஏற்கெனவே நம்பியிருந்த தப்பான கருத்தைத்தான் அந்த வீடியோவும் சொன்னது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். நம்பிக்கை முன்பைவிடக் கூடிவிட்டது.

இன்னொரு பிரிவினருக்கு வேறு மாதிரி வீடியோ. அதில் முதலில் ஒருவர் மாணவர்கள் வழக்கமாகச் சொல்லும் தப்பான பதிலையே சொல்லுவார். அது ஏன் சரிப்படாது என்று பேசிப் பேசி, பிறகுதான் சரியான விஷயத்துக்கு வருவார்கள். பார்த்தவர்கள் "ஒரே குழப்பம்" என்று சலித்துக்கொண்டார்கள். மார்க் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காகி 11க்குப் போனது.

இதைப் படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. என் அக்கா மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். போன பொங்கலுக்கு வந்திருந்தான். அடுக்களையில் இருந்த ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தேன். "கையை விட்டுப் போனதுக்கு அப்புறம், மேலே ஏறும்போது இதுமேல என்னென்ன விசை இருக்கு?"

"கை கொடுத்த விசை மேல்நோக்கி மாமா. புவியீர்ப்பு கீழ்நோக்கி."

"உச்சியில?"

"ரெண்டும் சமமாயிடும். அதான் ஒரு நொடி நிக்குது."

"கை கொடுத்த விசை இப்ப எங்க இருக்கு?"

"பழத்துக்குள்ளதான்," என்றான். சொன்ன மறுநொடியே முகம் மாறிவிட்டது. பழத்தை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் அங்கிருந்து பொத் பொத் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கையை விட்ட பிறகு கையின் விசை கிடையாது. காற்றின் சிறு தடையைத் தள்ளிவிட்டால் ஏறும்போது, உச்சியில், இறங்கும்போது மூன்றிலும் புவியீர்ப்பு ஒன்றுதான். எறிந்த பொருளுக்குள் ஒரு உந்துதல் போய் உட்கார்ந்து மெல்லக் கரைகிறது என்று கலிலியோவுக்கு முன்னால் பெரிய பண்டிதர்களே நம்பினார்கள், ஆகவே பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் பிளஸ் டூவில் இயற்பியலில் தொண்ணூற்றைந்து வாங்கியவன். நியூட்டனின் மூன்று விதிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். விதி ஒரு அறையிலும் எலுமிச்சம்பழம் வேறு அறையிலும் இருந்திருக்கிறது.

சரி, முல்லருக்கு வருவோம். சிட்னியில் ஒரு டியூஷன் நிறுவனத்தில் அறிவியல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு 2011 ஜனவரியில் சேனலைத் தொடங்கினார். உண்மை என்பதற்கான லத்தீன் சொல்லோடு தனிமங்களின் பெயரில் வரும் 'இயம்' என்ற வாலைச் சேர்த்தால் வெரிடாசியம். ஆரம்பகால வீடியோக்களில் ஆடம்பரம் ஒன்றும் இருக்காது. தெருவில் போகிறவரை நிறுத்தி, மரத்துக்கு இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது என்று கேட்பார். எல்லோரும் மண்ணிலிருந்து என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே கிண்டிக்கொண்டிருப்பார். மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடிலிருந்து வந்தது என்பது கடைசியில்தான் வரும். (17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் ஐந்து வருஷம் வளர்த்து, மண் ஏறக்குறைய குறையவே இல்லை என்று எடைபோட்டுக் காட்டினார். காட்டிவிட்டு, அப்படியானால் எல்லாம் தண்ணீர்தான் என்று முடித்துவிட்டார்.) தன் ஆய்வேட்டைத்தான் முல்லர் தெருவில் நடத்திக்கொண்டிருந்தார்.

2021இல் காற்று அடிக்கும் திசையிலேயே காற்றைவிட வேகமாக ஓடும் ஒரு வண்டியை ஓட்டிக் காட்டினார். அதற்கு இன்ஜின் கிடையாது, ஒரு பெரிய விசிறி மட்டும் உண்டு. அப்படி நடக்கவே முடியாது என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்து இயற்பியல் பேராசிரியர் அலெக்சாண்டர் குசென்கோ பத்தாயிரம் டாலர் பந்தயம் கட்டினார். காற்று விசிறியைச் சுற்றுகிறது, விசிறி சக்கரத்தைச் சுற்றுகிறது என்றுதான் நம் மனம் போகும். அந்த வண்டியில் தலைகீழ்: சக்கரம்தான் விசிறியைச் சுற்றுகிறது, விசிறி காற்றைப் பின்னால் தள்ளுகிறது. பேராசிரியர் தோல்வியை ஒப்புக்கொண்டு பணத்தைக் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தில் விழுந்த என் மருமகனுக்கு இதைச் சொன்னேன், கொஞ்சம் தெம்பு வந்தது.

இப்போது சேனலுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் சந்தாதாரர்கள். எழுதவும் எடுக்கவும் ஒரு குழு இருக்கிறது. வேறு ஆட்களும் வந்து பேசுகிறார்கள். அரைமணி நேர வீடியோக்கள், பழைய விஞ்ஞானிகளின் சண்டைகள், பின்னணி இசை. எனக்குப் பிடித்துத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்தத் தெருக்கேள்வி குறைந்துவிட்டது. ஆளைக் கவர்கிற தலைப்பு வைப்பதையும், வீடியோ வந்த பிறகு தலைப்பையும் முகப்புப் படத்தையும் மாற்றிப் பார்ப்பதையும் அவரே ஒரு வீடியோவில் விளக்கி நியாயப்படுத்தியிருக்கிறார். எனக்கு அந்த நியாயம் பாதிதான் ஒப்புகிறது. கதை சுவாரஸ்யமாக இருக்கும்போது "எல்லாம் புரியுதுப்பா" என்று தோன்றுவது இயல்பு. அது 6.3 மார்க் வீடியோவின் அறிகுறி என்று அவருடைய ஆய்வேடே சொல்கிறதே!

ஆகவே பீரோவைத் திறங்கள். வீட்டில் சமாதானமாவது வரும். பையனிடம் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள். வீடியோவில் கேள்வி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். தனக்கு என்ன தோன்றுகிறதோ அதை ஒரு நோட்டில், பேனாவால், எழுத வேண்டும். பென்சில் வேண்டாம், அழித்துவிடுவான். பிறகு மிச்சத்தைப் பார்க்கட்டும். பழைய வீடியோக்களிலிருந்து தொடங்கினால் நல்லது, அவை சின்னவை.

இன்று ராத்திரி ஒரு எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் போட்டு அவனிடம் கேளுங்கள். அவன் அம்மாவும் கூட இருக்கட்டும். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். மேலே இருக்கும் பதிலைப் படிப்பதற்கு முன் உங்களுக்கு என்ன தோன்றியது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.