பட்டறைப் பக்கம்: மெக்கானிக்கல் மாணவர்களின் கேள்விகள்

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் 31 வருடம் மெக்கானிக்கல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். அப்பா கணபதியில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில், மணலில் அச்சு செய்யும் மோல்டர். கருமணல் வாசத்தோடுதான் தினமும் வீடு திரும்புவார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுடையவை. ஐந்துக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

தமிழ் மீடியத்தில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் டிராயிங், மெக்கானிக்ஸ் இரண்டிலும் அரியர். வகுப்பில் பேசும் ஆங்கிலம் புரியவில்லை. நின்றுவிட்டு டிப்ளமாவில் சேரட்டுமா? (மாணவர், பென்னாகரம்)

நிற்க வேண்டாம், தம்பி. டிப்ளமா முடித்து நேராக இரண்டாம் வருடத்தில் வந்து சேரும் பிள்ளைகள் பட்டறையில் எல்லோரையும்விடக் கெட்டியாக இருப்பார்கள். அந்தப் படிப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கிடைத்த சீட்டை இரண்டு அரியருக்குப் பயந்து விடுவது வேறு விஷயம்.

டிராயிங்கில் ஆங்கிலம் இருப்பதே கொஞ்சம்தான். பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. ஒரு துணி சோப்பு வாங்கி, ஒரு பக்கத்தைக் கத்தியால் படிக்கட்டு மாதிரி வெட்டுங்கள். பின்சுவரும் வலப்பக்கச் சுவரும் சேரும் மூலையில் அதை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை நேர் எதிரே பிடித்தால் பின்சுவரில் நிழல் விழும். அது முன்தோற்றம். டார்ச்சை மேலே பிடித்தால் தரையில் விழுவது மேல்தோற்றம். இடப்பக்கமிருந்து அடித்தால் நிழல் வலச்சுவரில் விழும். இப்போது தரையைக் கதவு மாதிரி கீழே மடக்கிச் சுவரோடு நேராக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வந்துவிடும். வலச்சுவரையும் அப்படியே விரித்தால் இடப்பக்கத் தோற்றம் வலது பக்கம் வந்து நிற்கும். ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷன் என்று போர்டில் போட்டது இதைத்தான். நிழலில் வெளி ஓரம் மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கும் படிகளின் கோடுகளைக் கண்ணால் பார்த்து நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பத்து நாள், தினம் ஒரு சோப்பு வெட்டு. பிறகு ஷீட்டில் கை தானாகப் போகும்.

மெக்கானிக்ஸில் ஆங்கிலம் தடுக்கும், உண்மைதான். ஆனால் கணக்குகளில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் ஒரு நோட்டில் நாலு பக்கத்துக்கு மேல் வராது. அகராதி அர்த்தத்தை எழுதாமல், கணக்கில் அது என்ன செய்யச் சொல்கிறது என்று எழுதுங்கள். 'ஸ்மூத்' என்றால் வழவழப்பு என்று எழுதினால் பயனில்லை. 'உராய்வை விட்டுவிடு' என்று எழுதுங்கள். 'லைட் ராட்' என்றால் தண்டின் எடையைச் சேர்க்காதே. தாங்கும் இடத்தில் 'ஹிஞ்ச்' (கீல்) இருந்தால் இரண்டு விசை, 'ரோலர்' (உருளை) இருந்தால் ஒன்று. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. அந்த வகுப்புகளுக்கான தமிழ்க் குறிப்புகள் யாரிடமாவது கிடைத்தால் வாங்கி, ஆங்கிலப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மெக்கானிக்கல்தான் வேண்டும் என்கிறாள். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இரும்பு வேலை' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது? (ஒரு தாய், பல்லடம்)

சேர்த்துவிடுங்கள் அம்மா. 1940களிலேயே கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அ. லலிதா எலக்ட்ரிக்கல் படித்துப் பட்டம் வாங்கினார். அப்போது அவர் கணவரை இழந்தவர், கையில் குழந்தை வேறு. உங்கள் மகள் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம்.

நான் கடைசியாக எடுத்த வகுப்பில் 60 பேரில் 4 பெண்கள். அந்த நாலு பேரின் ஃபிட்டிங் வேலை அப்படி சுத்தமாக இருக்கும். அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தி, பின்னே இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். ஆண் பிள்ளைகள் பலம் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் அழுத்தி அரத்தின் பல்லைக் கெடுப்பார்கள். இந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்டுச் செய்தார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளி கசியாது. சிரமமும் உண்டு. சில தொழிற்சாலைகளில் இன்றைக்கும் ஷாப் ஃப்ளோர் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. வேலைக்குச் சேரும் முன் அதைக் கூச்சப்படாமல் கேட்க அவளுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள்.

ஒரு யோசனை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவளோடு நேரில் போய்ப் பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லேத்துக்கு (கடைசல் இயந்திரத்துக்கு) அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, எண்ணெய் வாசம் அடிக்கிறதா என்று பாருங்கள். எல்லா மெஷினும் புதுப் பெயின்ட்டில் பளபளத்து, தரை துடைத்து வைத்தாற்போல் இருந்தால் அங்கே யாரும் வேலை செய்வதில்லை. வேறு கல்லூரி பாருங்கள்.

லேத்தில் 20 மி.மீ. விட்டத்துக்குக் கடைய வேண்டிய தண்டு 18-க்குப் போய்விட்டது. டயலில் சரியாகத்தான் வைத்தேன். எங்கே தப்பு? (முதல் வருட மாணவர், கரூர்)

அளந்தபோது 22 இருந்திருக்கும். 2 மி.மீ. குறைய வேண்டும் என்று டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடை 2 மி.மீ. உள்ளே தள்ளியிருப்பீர்கள். தண்டு சுற்றிக்கொண்டே இருப்பதால் டூல் எல்லாப் பக்கத்திலும் 2 மி.மீ. சீவுகிறது, விட்டத்தில் 4 போய்விடுகிறது. 1979-ல் முதல் வருடம் படித்தபோது நானும் இதே தப்பைச் செய்து, இதே 18-ல் வந்து நின்றேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. சில லேத்துகளில் டயலே விட்டக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். அதனால் புது மெஷினில் நின்றால் முதலில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, அளந்து, டயல் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி அரை மி.மீ.யை எப்போதும் தனி வெட்டுக்கு மிச்சம் வையுங்கள்.

இன்னும் இரண்டு. கைப்பிடியைக் கூடுதலாகச் சுற்றிவிட்டால் குறிக்கு மட்டும் திருப்பினால் போதாது. மரையில் தளர்ச்சி இருக்கும். டயல் திரும்பும், டூல் நகராது. அரைச் சுற்று பின்னால் வந்து மறுபடி முன்னே கொண்டுவாருங்கள். அப்புறம், கடைந்த சூட்டோடு அளக்காதீர்கள். 60 டிகிரி கூடினால் 25 மி.மீ. எஃகுத் தண்டு ஏறக்குறைய 0.02 மி.மீ. பெருத்திருக்கும். வெர்னியர் அளவுகோலின் ஒரு கோடு அது.

அளவு தப்பினால் ஒரு தண்டுதான் நஷ்டம். வேலைத்துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் சாவி அப்படியில்லை. வேலைத்துண்டை இறுக்கியதும் சாவி கையோடு வெளியே வர வேண்டும். ஒரு மாணவர் அதைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டார். சாவி பறந்துபோய் ஜன்னல் கம்பியை வளைத்தது. ஒரு நிமிடம் முன்புவரை அந்த ஜன்னல் பக்கம் நின்றிருந்தவன் நான். அன்றிலிருந்து, 'சாவி எங்கே?' என்று கேட்டு, அவர்கள் கையைத் தூக்கிக் காட்டாமல் யாரையும் மெஷின் போட விட்டதில்லை.

கோர் கம்பெனியில் (படித்த துறை சார்ந்த தொழிற்சாலையில்) சம்பளம் குறைவு, ஐ.டி.யில் அதிகம். எதற்குப் போகலாம்? (இறுதியாண்டு மாணவர், சேலம்)

வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் ஐ.டி.க்குப் போங்கள், அதற்காக வருத்தப்படாதீர்கள். அந்த நெருக்கடி இல்லையென்றால் ஒரு வருடம் அப்ரண்டிஸாக ஒரு தொழிற்சாலைக்குள் நின்று பாருங்கள். தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் பட்டதாரிகளுக்கும் இடம் தருகிறது. மேல்படிப்போ பொதுத்துறை வேலையோ மனதில் இருந்தால் கேட் தேர்வு எழுதுங்கள். 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். நீங்கள் இப்போதே தயாராகத் தொடங்குங்கள்; உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் மூன்றாம் வருடமே தொடங்கட்டும்.

ஒரு பம்பால் தண்ணீரை 10.3 மீட்டருக்கு மேல் உறிஞ்ச முடியாது என்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்தேன். எங்கள் தோட்டத்து போர்வெல் 900 அடி. தண்ணீர் எப்படி மேலே வருகிறது? (இரண்டாம் வருட மாணவர், அவிநாசி)

இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், தம்பி. பாடத்தையும் தோட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறீர்கள்.

எந்தப் பம்பும் தண்ணீரை இழுப்பதில்லை. பம்பு தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது; வெளியே இருக்கும் காற்று தண்ணீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. காற்றின் அழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீரைத்தான் தாங்கும். குழாயின் உராய்வு, தண்ணீரின் ஆவி அழுத்தம் எல்லாம் போக நடைமுறையில் 7 மீட்டரே பெரிது. உங்கள் தாத்தாவைக் கேளுங்கள்: கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, மோட்டாரையும் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்கிக்கொண்டே போன கதையைச் சொல்வார். அதற்குக் காரணம் இந்த 7 மீட்டர்தான்.

போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் பம்பு தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. அதற்கு உறிஞ்சும் வேலையே இல்லை, தள்ளும் வேலை மட்டும்தான். தள்ளுவதற்கு 10.3 என்ற வரம்பு கிடையாது. ஒரு இம்பெல்லரால் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தால்) 900 அடி, அதாவது 274 மீட்டர் தள்ள முடியாது. அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். அடுக்கில் ஒன்றுக்கு ஸ்டேஜ் என்று பெயர். ஒரு ஸ்டேஜ் 10 மீட்டர் தள்ளினால் 28 ஸ்டேஜ் வேண்டும். பம்பு கரும்பு மாதிரி நீளமாக இருப்பது இதனால்தான்.

இங்கே விவசாயிகளே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. பம்பு 900 அடியில் தொங்கினாலும், தண்ணீர் 500 அடியில் நின்றால் பம்பு தூக்க வேண்டிய உயரம் 500 அடிதான். மிச்சம் 400 அடியைச் சுற்றியிருக்கும் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. குழாய் உராய்வு மட்டும்தான் முழு நீளத்துக்கும் சேரும். ஓடும்போது மட்டம் இறங்கும், அதனால் ஓடும்போது உள்ள மட்டத்தையே கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்த தடவை மோட்டாரை மேலே ஏற்றும்போது லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு குழாய் எத்தனை அடி என்று கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை குழாய் வருகிறது என்று எண்ணுங்கள். பெயர்ப்பலகையில் எத்தனை ஸ்டேஜ், எத்தனை எச்.பி., எத்தனை மீட்டர் என்று போட்டிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்தைப் போர்காரரிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், உங்கள் தோட்டத்து மோட்டாருக்கே கணக்குப் போட்டு இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.