"வீட்டிலதான் இருக்கிறன்" என்பதை மலரில் போடலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் படித்தது கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்கல்லூரியில். ஒரு பற்ச்சுக்கு இருபத்தைந்து, முப்பது பேர்தான். இப்போது பழைய மாணவர்கள் சேர்ந்து மலர் ஒன்று போடுகிறோம், யார் யார் எங்கே, என்ன செய்கிறார்கள் என்று தொகுக்கிற வேலை என் தலையில். கனடா, கட்டார், கொழும்பில் இருப்பவர்கள் படத்தோடு உடனே அனுப்பிவிட்டார்கள். ஊரில் இருப்பவர்களில் பாதிப்பேர் பதிலே போடவில்லை. நெருங்கிய தோழி ஒருத்தி, "நான் என்னத்தை எழுத, வீட்டிலதான் இருக்கிறன்" என்று போனை வைத்துவிட்டாள். கிடைத்ததை மட்டும் அச்சுக்குக் கொடுக்கவா? படிவத்தையும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, மல்லாவி

பதில்: கொடுக்காதீங்க தங்கச்சி. பாதிப்பேர் இல்லாமல் வருவதைக் கல்லூரி மலர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

படிவத்தைப் பார்த்தேன். பெயர், பதவி, நிறுவனம், நாடு. காலபோகத்துக்கு ஐந்து ஏக்கர் நெல் விதைக்கிறவன் நிறுவனம் என்ற இடத்தில் எதை எழுதுவான்? படுக்கையில் கிடக்கிற மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இருக்கிறவள் பதவி என்ற இடத்தில் எதை எழுதுவாள்? பதில் போடாதவர்கள் அந்தத் தாளைக் கண்டவுடனேயே இது எங்களுக்கு வந்ததல்ல என்று மடித்து வைத்திருப்பார்கள்.

படிவத்தை விட்டுவிட்டு நேரே கதையுங்கள். துணுக்காய், மாங்குளம் பக்கம் இருப்பவர்களென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போய் விறாந்தையில் இருந்து கதைத்துவிட்டு வரலாம், தூரத்தில் இருப்பவர்களுக்குப் போன் எடுக்கலாம், வட்ஸ்அப்பில் பொதுவாக ஒரு செய்தி போட்டுவிட்டுக் காத்திருப்பது சரிவராது. ஒரு நாள் எப்படிப் போகிறது, படித்ததில் இன்றைக்கும் கைகொடுப்பது எது, வீணாய்ப் போனது எது, இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு என்ன சொல்ல வேண்டும், இவ்வளவும் கேட்டால் போதும். வயரிங் படித்துவிட்டுப் பலசரக்குக் கடை போட்டிருப்பவனை, ஊரில் தண்ணீர் மோட்டர் எரிந்தால் இன்றைக்கும் தேடி வருவார்கள், தையல் படித்தவள் பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் தெருவில் உள்ள பிள்ளைகளின் யூனிபோர்ம் முழுவதையும் தைத்துக்கொடுப்பாள். இதை எழுதித் தா என்றால் தரமாட்டார்கள், கதைக்கும்போதுதான் வரும். நீங்களே எழுதி, வாசித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகு போடுங்கள். உங்கள் தோழியிடம் முதலில் போங்கள்.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகளின் படிப்பு நேர்கோட்டில் போனதில்லை. 2008, 2009இல் போருக்குள் குடும்பங்களோடு பள்ளிக்கூடங்களும் இடம் மாறிக்கொண்டே போயின, பிறகு இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாம், அங்கிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியேறியதே 2012 செப்டெம்பரில்தான். அந்த வருஷங்களில் சாதாரண தரமோ உயர்தரமோ எழுத வேண்டியிருந்தவர்கள் உங்கள் மூத்த பற்ச்களில் கட்டாயம் இருப்பார்கள், ஒரே வகுப்பில் வயது முன்பின்னாக இருந்திருக்கும். "இடையில் இந்த இரண்டு வருஷம் என்ன செய்தாய்" என்று யாரையும் கேட்டு நிரப்பப் பார்க்க வேண்டாம். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்லட்டும். சிலர் ஒதுங்கி நிற்பதற்குக் கடனும் காரணமாக இருக்கலாம், நுண்கடன் வசூலிக்கிறவர்கள் வாசலுக்கு வந்துபோகிற வீட்டில் படம் தா என்று வற்புறுத்துவது பாவம். இப்போது உயிரோடு இல்லாதவர்கள் இருந்தால், வீட்டாரைக் கேட்டு, அவர்களுக்கும் ஒரு பக்கம் வையுங்கள்.

அப்புறம் அந்தக் கனடா, கட்டார் ஆட்களையும் விடாதீங்க. படத்தில் பின்னால் நிற்கிற கார் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு விபரமும் தராது. எந்த விசாவில் போனார்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போனார்களா, ஏஜென்சிக்குக் கட்டிய காசு எத்தனை வருஷத்தில் திரும்பி வந்தது, இங்கே எடுத்த சான்றிதழை அங்கே ஏற்றுக்கொண்டார்களா அல்லது திரும்பப் பரீட்சை எழுத வேண்டி வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போகிற யோசனையோடுதான் எங்களுடைய பிள்ளைகள் பலர் படிக்கவே வருகிறார்கள். அவர்களுக்கு இதை ஏஜென்சிக்காரன் சொல்லமாட்டான், கூடப் படித்த அண்ணாவும் அக்காவும்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: உயர்தரத்தில் கம்பஸ் கிடைக்கவில்லை. என்.வி.கியூ மின்னியல் படிக்கிறேன். "சின்ன இடத்தில எடுத்த சேர்ட்டிபிகேட்டை ஆர் மதிப்பினம்" என்று மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள். என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள். நாலாம் மட்டம் தனியே நின்று வேலை செய்யக்கூடிய ஆள் என்பதற்கு, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். கொழும்பில் எடுத்தாலும் கிளிநொச்சியில் எடுத்தாலும் மட்டம் ஒன்றுதான். ஐந்து, ஆறு முடித்தவர்கள் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கவென்றே இரத்மலானையில் தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம், எல்லோரும் யுனிவோடெக் என்று சொல்வது, இருக்கிறது. பட்டம் அல்ல, கிட்டவே பயிற்சி வேண்டுமென்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் போய் விசாரிக்கலாம். ஆனால் நாலாம் மட்டத்தோடு நிற்கிறதா, மேலே போகிறதா என்று என்னைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். உங்களுக்கு முன்னால் அதே பாடத்தை முடித்தவர்கள் மூன்று பேரையாவது தேடிப்பிடியுங்கள், வேலை கிடைத்தவரையும் கிடைக்காதவரையும். முதல் சம்பளம் எவ்வளவு, பயிற்சிக்கு யார் எடுத்தார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: நான் வவுனியாவில் படித்து 2016இல் பட்டம் பெற்றேன். இப்போது விண்ணப்பங்களில் வவுனியாப் பல்கலைக்கழகம் என்று போடலாமா?
– வாசகி, நெடுங்கேணி

பதில்: சான்றிதழில் உள்ளதையே போடுங்கள். நீங்கள் படித்தபோது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம், தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஓகஸ்ட் 1இல். பெயர் மாறினால் நேர்முகத்தில் வீணாக விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

கேள்வி: பழைய மாணவர் விபரக்கொத்தில் எல்லோருடைய போன் நம்பரையும் அச்சடிக்கலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம். பெண்பிள்ளைகளுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வரத் தொடங்கினால் அடுத்த முறை ஒருவரும் விபரம் தரமாட்டார்கள். நம்பர்கள் செயலாளரிடம் ஒரு கொப்பியில் இருக்கட்டும். யாராவது கேட்டால், உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.