கல்வாழை பூக்காததற்கு ஈரமா காரணம்?

வணக்கம் சகோதரி. ஆயர் ஈத்தாம் ஊரில் உள்ள வீட்டில் லோங்காங் (வடிகால்) ஓரம் வைத்த கல்வாழை (கேனா பூச்செடி) ஆளுயரம் வளர்ந்தும் பூக்கவில்லை, மண் ஈரம்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். ஈரத்தைக் குறை சொல்லாதீர்கள், அதற்கு அது பிடிக்கும். பக்கத்தில் ரம்புத்தான் மரம் என்றீர்களே, எனக்கு அந்த நிழல்மேல்தான் சந்தேகம். தினம் 6 மணி நேர வெயிலாவது வேண்டும். கிழங்கைத் தோண்டி, 2, 3 முளைக்கண் உள்ள துண்டுகளாக வெட்டி, வெயில்பட்ட இடத்தில் நாலு விரல் ஆழத்தில் ஊன்றுங்கள். கோழி எருவைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அதெல்லாம் இலைக்கே போய்விடும்.

பூத்தபின் தண்டை உடனே வெட்டாதீர்கள். வாடிய கொத்துக்குக் கீழே இன்னொரு மொட்டு ஒளிந்திருக்கும். நான் அவசரப்பட்டு இரண்டை இழந்தேன். அப்புறம், இலையின் அடியில் தடவிப் பாருங்கள். ஆரஞ்சுத் தூள் விரலில் ஒட்டினால் துரு நோய். அந்த இலைகளை வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.