‘முத்து’ என்ற பெயர் பிற மொழிகளில் உண்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு: மகளுக்கு ‘முத்துமாரி’ என்று பெயரிட ஆசை, ‘பழைய ரப்பர் தோட்டத்துப் பெயர்’ என்று உறவினர்கள் தயங்குகிறார்கள் என்கிறீர்கள். தாராளமாகச் சூட்டுங்கள். மார்கரெட் என்ற பெயர் ‘மார்கரிட்டேஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, பொருள் முத்துதான். அரபியில் லூலூ, மலாய் மொழியில் முத்தியாரா.

நம் பெயரில் இன்னோர் ஆழமும் உண்டு. அம்மைக் கொப்புளங்களை நம் முன்னோர் பணிவோடு ‘முத்து’ என்றே அழைத்தார்கள். அந்த முத்தை இறக்கிக் குளிர்விப்பவள் மாரி. ரப்பர் மரங்களுக்கிடையே அவர்கள் அவளுக்குக் கோயில் எழுப்பியதை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

உங்கள் ஊர்ப் பெயரையும் பாருங்கள்: ‘சிப்புட்’ என்ற மலாய்ச் சொல் நத்தை, சிப்பி வகைகளைக் குறிக்கும். முத்து பிறப்பதும் சிப்பியில்தானே!