கையால் இயக்கினால் ஓடும் குறியாக்க பேக்கப், கிரானில் விட்டால் ஓடாதது ஏன்?

உங்கள் கடவுச்சொல்லில் சதவீதக் குறி (%) இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். கோப்புகளைக் குறியாக்கி பேக்கப் எடுக்கும் டூப்ளிசிட்டி நிரலை டெர்மினலில் இயக்கினால் எஸ்எப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற) சர்வருக்குக் கோப்புகள் போகின்றன, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் கிரானில் இரவு விட்டால் எதுவும் போகவில்லை, பிழைச் செய்தியும் இல்லை என்கிறீர்கள். பிழைச் செய்தி இல்லை என்று படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

கிரானுக்கான கட்டளைகளை எழுதும் கிரான்டேப் கோப்பின் வரியில் % வந்தால் கிரான் அதை வரிமுறிவாக எடுத்துக்கொள்ளும். முதல் % வரைதான் கட்டளை. மீதி எல்லாம் அந்தக் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். நானும் உங்களைப் போலத்தான், வரியின் தொடக்கத்தில் கடவுச்சொல்லை ஒரு மாறியில் (variable) வைத்து, அதையடுத்து டூப்ளிசிட்டி கட்டளையை எழுதியிருந்தேன். கட்டளைகளை இயக்கும் ஷெல், பாதிக் கடவுச்சொல்லை மாறியில் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கிளம்பிவிடும். டூப்ளிசிட்டி தொடங்கவே தொடங்காது. தொடங்காத நிரல் எந்தப் பிழையைச் சொல்லும்? பதிவுக் கோப்பில் எழுதச் சொல்லும் பகுதியும் வரியின் கடைசியில்தான் இருக்கிறது. அதுவும் வெட்டுப்பட்டுவிடும். கடவுச்சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டாலும் % தப்பாது. அப்போது ஷெல் பிழை காட்டும். ஆனால் கிரான் அதை மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும், வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அதற்கு ஏற்பாடே இருக்காது.

நான் நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் இருக்கிறேன். சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து சேர்த்துவருகிறேன். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டத்தில் கொடுத்த வேலைச் சான்று என்று தகரப் பெட்டிகளில் அரித்துக்கொண்டிருப்பவை. பிறர் அடையாளக் காகிதம் என்பதால்தான் குறியாக்கம். இலவச மேகக் கணக்கில் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

மார்ச் மாதம் கடவுச்சொல்லை வலுவாக்கலாம் என்று நடுவில் ஒரு % சேர்த்தேன். கையால் ஒரு முழு பேக்கப் எடுத்தேன், சரியாகப் போனது. ஷெல்லுக்கு அந்தக் குறி ஒரு பொருட்டே இல்லை. கிரான் வரியையும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பதிவுக் கோப்பைத் திறந்தபோதெல்லாம் கடைசியில் 'பிழைகள் 0' என்றே இருந்தது. அதன் தேதியை நான் பார்க்கவில்லை.

ஜூலை மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்து ஹார்ட் டிஸ்க் செத்தது. சர்வரில் மார்ச்சுக்குப் பிறகு ஒன்றுமில்லை. நான்கு மாத உழைப்பு, நாற்பத்தொரு குடும்பங்கள்.

ஒவ்வொரு வீடாக மறுபடியும் போனேன். கொளப்பள்ளியில் ஒரு பாட்டி வீட்டில் அதே மழையில் கூரை ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. பேரனின் சாதிச் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் நகல் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, "நீதான் படம் எடுத்து வைத்திருக்கிறாயே தம்பி" என்றார். ஈரத்தில் ஒட்டிப்போன அந்தப் பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தார். கண்டியில் ஒட்டிய புகைப்படத்தில் முகம் இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தப் பாட்டியை ஊரில் இன்றும் 'அகதி' என்கிறார்கள். 1964-ல் இலங்கையோடு போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்திய அரசே கையெழுத்திட்டது. இவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு, இந்தியக் குடிமக்களாகக் கப்பல் ஏறி வந்தவர்கள். இவர்கள் உழைப்பில் எழுந்ததுதான் இங்குள்ள அரசுத் தேயிலைத் தோட்டம். அந்தக் காகிதம் கையில் இருந்தால்தான் எதிர்த்துப் பேச முடியும். அதனால்தான் அந்த முகம் அழிந்தது எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

சரி, உங்கள் விஷயம். %-க்கு முன்னால் பின்சாய்வுக் கோடு (\) போட்டால் போதும் என்பார்கள். உண்மைதான், ஆனால் கடவுச்சொல்லைக் கிரான்டேப்பில் வைப்பதே தவறு. உங்களுக்கு மட்டும் படிக்கவும் எழுதவும் உரிமை (600) உள்ள தனிக் கோப்பில் வையுங்கள். அதைப் படித்து டூப்ளிசிட்டியை இயக்கும் சிறு ஸ்கிரிப்ட் எழுதி, கிரானில் அந்த ஸ்கிரிப்டின் முழுப் பாதையை மட்டும் கொடுங்கள். ஸ்கிரிப்டுக்குள் % வெறும் எழுத்துதான். லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமர் இருக்கும்போது கிரான் எதற்கு என்று யாராவது எழுதுவார்கள். அதன் சேவைக் கோப்பிலும் %-க்குத் தனிப் பொருள் உண்டு, அங்கே இரட்டையாக எழுத வேண்டும்.

% இல்லவே இல்லை என்றால், கிரான் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்று பாருங்கள். ரூட் (நிர்வாகி) பெயரில் ஓடினால், சர்வருக்குள் நுழைய உதவும் உங்கள் எஸ்எஸ்எச் சாவியும், நீங்கள் ஏற்றுக்கொண்ட சர்வர் அடையாளமும் அதற்குத் தெரியாது.

கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வேறு வீட்டில் வையுங்கள். நான் மாதத்தின் முதல் ஞாயிறு, வேறொரு கணினியில் ஏதாவது ஒரு குடும்பத்தின் கோப்புகளை மீட்டுத் திறந்து பார்க்கிறேன்.

உங்கள் கிரான் வரியில் கடவுச்சொல்லையும் சர்வர் பெயரையும் மறைத்துவிட்டு மற்றதை அப்படியே இங்கே பதியுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.