ஒலி விதிகளும் கணினியும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

‘கடல்’, ‘தங்கம்’ ஆகிய சொற்களில் ககரம் வெவ்வேறாக ஒலிப்பதை யாரும் சொல்லித் தராமலேயே குழந்தை பிடித்துக்கொள்கிறது. விதிகளைச் சொல்ல இலக்கண நூல்களும் உள்ளன. இதில் கணினி புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? சொற்களை எண்ணிப் பட்டியலிடுவது ஆய்வாகுமா?

க.

அன்புள்ள க.,

எண்ணுவது மட்டுமே என்றால் ஆகாதுதான். ஆனால் மொழிகளின் ஒலி விதிகளைக் கணக்கீடுகளாகப் பார்த்து ஆராயும் கணினிவழி ஒலியனியலின் முதன்மையான கேள்வி வேறு: ஓர் ஒலி விதியைச் செயல்படுத்த எவ்வளவு நினைவு தேவை? ‘தங்கம்’ என்பதை ஒவ்வோர் ஒலியாகப் படித்துவரும் பொறி, ககரத்தை அடையும்போது, சற்றுமுன் கடந்தது மெல்லெழுத்து என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். அதற்கும் முன்னால் இருந்ததை மறந்துவிடலாம். துருக்கி மொழியில் பன்மை விகுதி, சொல்லின் கடைசி உயிரைப் பொறுத்து ‘லெர்’ அல்லது ‘லர்’ என வரும். அங்கே மெய்களைப் பொருட்படுத்தாமல் அந்த உயிரை மட்டும் வைத்திருக்க வேண்டும்.

மொழியியலாளர்களான சோம்ஸ்கியும் ஹாலேயும் 1968இல் ஆங்கில ஒலியமைப்புக்குக் கையாண்ட விதிமுறை, எத்தகைய கணக்கீட்டையும் செய்யவல்லது போலத் தோன்றியது. ஒரு விதி தன் விளைவின் மீதே மறுபடி பாயாத வரையில், அவ்விதிகள் யாவும் வரம்புக்குட்பட்ட நினைவுடைய இத்தகைய பொறிகளில் அடங்கிவிடும் என்று டக்ளஸ் ஜான்சன் 1972இல் நிறுவினார். அதை அன்று ஏறக்குறைய யாரும் கவனிக்கவில்லை. இதே முடிவைத் தனியே கண்ட ரொனால்ட் கப்லன், மார்ட்டின் கே இருவரின் விரிவான கட்டுரை 1994இல்தான் அச்சேறியது.

இதைவிடச் சுவையானதாக நான் கருதுவது, மொழிகளில் இல்லாத விதிகளைப் பற்றிய ஆய்வு. ‘நடுவில் எது வந்தாலும் சரி, சொல்லின் முதல் ஒலியும் இறுதி ஒலியும் இசைந்திருக்க வேண்டும்’ என்ற விதியைச் சொல்வதும் எளிது, பொறியில் அமைப்பதும் எளிது. ஆயினும் அப்படியோர் ஒலியிசைவு எந்த மொழியிலும் அறியப்படவில்லை. 2015இல் வெளியான ஒரு பரிசோதனையில், புனைந்த சொற்களைக் கேட்டுப் பழகியவர்கள், சொல் முழுதும் ஸகரமோ ஷகரமோ ஒன்றே வரவேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டார்கள். முதலும் இறுதியும் மட்டும் இசையும் விதி அவர்களுக்குப் பிடிபடவில்லை. இருக்கும் விதிகளை இலக்கண நூல் சொல்லும். இருக்கக்கூடிய விதிகளின் எல்லையைத் துல்லியமாக வரையக் கணக்கீடு வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையைப் பற்றிய உங்கள் ஐயத்தில் நியாயம் உண்டு. எழுத்துத் தரவை அப்படியே கொடுத்தால், ‘காகம்’, ‘காந்தி’ இரண்டின் முதலொலியும் கணினிக்கு ஒன்றே. தமிழ்த் தரவை முதலில் ஒலிக்குறியீட்டில் பெயர்த்து எழுதாமல் எண்ணிய எண்ணிக்கைகளை நானும் ஒலியாய்வாக ஏற்பதில்லை.